புகையா, கூலியா என்று கேட்பவன் யார்?



தார் பிளாண்டின் புகையைப் பற்றி யாராவது வாய் திறந்தால் போதும், பதிலுக்கு ஒரு கேள்வி வந்து விழுகிறது: "புகை ஆகாதென்றால் பிளாண்டை மூடிவிடுவார்கள். உனக்குக் கூலி வேண்டுமா, வேண்டாமா?" இப்படிக் கேட்பவர் காண்டிராக்டர் அல்ல. காண்டிராக்டர் நம்மோடு பேசுவதே இல்லை. கேட்பவர் மேஸ்திரி. அவரும் நம் ஊர்ப்பக்கத்துக்காரர்தான். நம் மொழியிலேயே நம்மை மிரட்டுகிறார். கேட்டதும் நம் ஆட்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். மூடாமல் என்ன செய்வார்கள்? வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே!

அந்தக் கேள்வியே மோசடிக் கேள்வி என்கிறோம் நாம். புகை நின்றால் கூலி நிற்காது. நிற்கக்கூடியது காண்டிராக்டரின் கள்ள லாபத்தில் ஒரு பங்கு மட்டுமே. சரியாகக் கணக்குப் பார்த்தால் அதிலும் ஒரு பகுதி எண்ணெய்ச் செலவு குறைந்து அவருக்கே திரும்பி வரும். இதை வாய்ச் சவடாலாகச் சொல்லவில்லை. கணக்கோடு சொல்லுகிறோம், படியுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

பேரிலிருந்தே தொடங்குவோம். நாம் தார் என்று சொல்லுவது இன்று உண்மையில் தார் அல்ல. நிலக்கரியைக் காய்ச்சும்போது வடிவதுதான் தார். இப்போது சாலைக்கு வருவது பிட்டுமன்: கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் வடித்தெடுத்த பிறகு அடியில் தங்கும் கசடு. வாயில் பழகிய சொல் என்பதால் தார் என்றே எழுதுகிறோம். ஆனால் இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் "இது தார் இல்லையப்பா, பிட்டுமன், உடம்புக்கு ஒன்றும் செய்யாது" என்று கம்பெனி எஞ்சினியர்கள் சமாதானம் சொல்லுகிறார்கள்.

ஒன்றும் செய்யாதா? உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2013இல் தன் முடிவை வெளியிட்டது. நிலக்கரித் தார் புற்றுநோய் தருவது என்பதில் சந்தேகமே இல்லை. அது முன்பே முடிவானது. சாலை போடும்போது வரும் பிட்டுமன் புகையும், மாஸ்டிக் வேலையில் வரும் புகையும் புற்றுநோய் தர வாய்ப்புண்டு என்ற வரிசையில் வைக்கப்பட்டன. மொட்டை மாடிக்கு நீர் கசியாமல் பூசுகிறார்களே, காற்று ஊதிக் கெட்டியாக்கிய பிட்டுமன், அதன் புகை அதைவிட ஒரு படி மேல்: புற்றுநோய் தருவது பெரும்பாலும் உண்மை என்ற வரிசை. மழைக்காலத்துக்கு முன் மும்பையில் (பம்பாய் என்றுதான் இன்னும் நம் வாயில் வருகிறது) மாடி மாடியாக ஏறித் தார் பூசுகிறவர்கள் யார்? அந்தக் கூட்டத்தில் நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர்?

புற்றுநோய் நாளைய கதை என்று வைத்துக்கொண்டாலும், இன்றைய கதை நமக்கே தெரியும். கண் எரிச்சல், தொண்டைக் கமறல், இரவெல்லாம் இருமல், தலைவலி, கை கால்களில் சொறி. கருங்கல் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் படிந்தால் அது திரும்பி வெளியே வருவதில்லை. வயது ஐம்பது ஆகுமுன்பே மூச்சு வாங்குகிறது என்று ஊருக்குத் திரும்பியவர்களை ஒவ்வொரு கிராமத்திலும் காட்டலாம். அவர்களைக் காசநோய் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். "நீ என்ன வேலை செய்தாய்?" என்று கேட்கிற டாக்டர் அபூர்வம்.

சரி, இந்தப் புகையும் தூசியும் எங்கிருந்து வருகின்றன? பிளாண்டுக்குள் வேலை செய்தும் பலருக்கு இது தெரியாது, ஏனென்றால் சொல்லிக் கொடுப்பாரில்லை.

சுழலும் பெரிய உருளைக்குள் ஜல்லியைக் கொட்டி, ஒரு முனையில் பர்னர் வைத்து எண்ணெய்த் தீயில் சூடாக்குகிறார்கள். கல்லில் இருக்கும் ஈரம் ஆவியாகப் போக வேண்டும். கல் 150, 160 டிகிரிக்கு ஏற வேண்டும். அந்தச் சூட்டில்தான் தார் கல்லில் ஒட்டும். உருளையிலிருந்து வெளியேறும் சூடான காற்று கல்லின் பொடியை வாரிக்கொண்டு போகிறது. அதுதான் தூசி. மலிவான, அழுக்கு எண்ணெயை அரைகுறையாக எரித்தால் கரும்புகை. தாரை அளவுக்கு மேல் காய்ச்சினாலோ, தீயின் நாக்கு தாரின்மேல் நேரே பட்டாலோ நீலப்புகை. மூன்றுக்கும் மூன்று காரணம். மூன்றுக்கும் மருந்து உண்டு.

தூசிக்கு மருந்து, காற்றைச் சுழலவிட்டுப் பெரிய துகளை இறக்கும் சைக்ளோன். அதற்குப் பின்னால் துணிப்பைகள் வரிசையாகத் தொங்கும் வடிகட்டி. பையில் சிக்கும் பொடியைத் தூக்கி எறியத் தேவையில்லை. சாலைக் கலவைக்கு நுண்பொடி எப்படியும் வேண்டும், அதையே திரும்பக் கலக்கலாம். வடிகட்டி இல்லாத பிளாண்டில் அந்தப் பொடி நம் குடிசைக் கூரையில் படிகிறது; பிறகு காண்டிராக்டர் பொடியைக் காசு கொடுத்து வெளியிலிருந்து வாங்குகிறார்! தண்ணீர் தெளித்துத் தூசியை அமுக்கும் முறையும் உண்டு. ஆனால் அந்தச் சேற்றுத் தண்ணீரைத் தொட்டியில் தெளியவைத்து மறுபடி பயன்படுத்த வேண்டும். சாக்கடையில் திறந்துவிட்டால் புகை தண்ணீராக மாறியது என்பது தவிர லாபமில்லை. தொழிற்சாலைப் புகையில் ஒரு கன மீட்டருக்கு 150 மில்லிகிராம் தூசிக்கு மேல் கூடாது என்பது சுற்றுச்சூழல் விதிகளின் பொது அளவு. ஒழுங்காகப் பராமரித்த பை வடிகட்டி அதற்கு வெகு கீழே நிறுத்திவிடும். பை கிழிந்தும் மாற்றாமல், காற்றாடியை மின்சாரம் மிச்சம் என்று இரவில் அணைத்துவிட்டு ஓட்டுகிற பிளாண்டுக்கு வடிகட்டி இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அதிகாரி பகலில் வருகிறார், புகை இரவில் வருகிறது. நம் வீடு இருப்பது அங்கேதானே, நமக்குத் தெரியாதா?

கரும்புகைக்கு மருந்து இன்னும் எளிது. ஜல்லிக் குவியலின்மேல் ஒரு கூரை போடுங்கள் என்கிறோம். வெறும் தகரக் கூரை! மழையில் நனைந்த கல்லைக் காய்ச்ச எவ்வளவு எண்ணெய் வீணாகிறது என்பதை, ஈர விறகில் சோறாக்கிய எந்தப் பெண்ணும் சொல்லிவிடுவாள். எஞ்சினியர் தேவையில்லை. ஈரம் குறைந்தால் எண்ணெய் குறையும், புகை குறையும், மணிக்கு அதிக டன் கலவை இறங்கும். இத்தனை லாபம் இருந்தும் கூரை போடாததற்குக் காரணம், பெரும்பாலான பிளாண்டுகள் ஒரு டெண்டருக்காக வந்து அது முடிந்ததும் கழற்றிக்கொண்டு ஓடுகிறவை என்பதுதான். ஓடிப்போகிறவன் கூரை போடுவானா?

நீலப்புகைக்கு மருந்து சூட்டைக் கட்டுப்படுத்துவது. வெப்பமானி கெட்டுப்போய், அனுபவ ஆசாமியின் கண் அளவில் ஓடும் பிளாண்டுகள் இன்னும் இருக்கின்றன. தூரத்துச் சாலைக்குப் போக வேண்டிய கலவை வழியில் ஆறிவிடும் என்று கூடுதலாகக் காய்ச்சி அனுப்புகிறார்கள். அப்படிக் காய்ந்த தார் சாலையிலும் சீக்கிரம் வெடிக்கிறது, பேவருக்குப் பக்கத்தில் நிற்பவன் மூக்கிலும் ஏறுகிறது. இதற்கென்றே, கலவையில் ஒரு மருந்தைச் சேர்த்து 20 முதல் 40 டிகிரி வரை குறைந்த சூட்டில் தயாரிக்கும் வெதுவெதுப்புக் கலவை வந்துவிட்டது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் இதற்கு 2014இலேயே வழிகாட்டி நூல் போட்டுவிட்டது. சூடே வேண்டாத குளிர்கலவையும் உண்டு: தாரைத் தண்ணீரில் குழம்பாக்கிப் பயன்படுத்துவது. பெரிய நெடுஞ்சாலைக்கு ஆகாது. கிராமச் சாலைக்கும் குழி அடைப்பதற்கும் ஆகும். நகரத்து வேலையில் இவை இரண்டும் எத்தனை டெண்டரில் வருகின்றன என்று கேளுங்கள்.

டெண்டரே எட்டிப் பார்க்காத வேலை வேறு இருக்கிறது. தெருவோரத்தில் டின்னைக் கவிழ்த்து, விறகும் கிழிந்த டயரும் போட்டுத் தாரை உருக்குகிறார்களே, அதற்கு எந்த வடிகட்டியும் கிடையாது. நம் பெண்கள் காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு அந்தத் தாரை வாளியில் சுமக்கிறார்கள். மாஸ்டிக் கொதிகலனைச் சுற்றி நிற்கிறவர்கள் பாடும் அதேதான். அங்கே சூடு 200 டிகிரிவரை போகிறது.

டீசலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கலவை ஒட்டாமல் இருக்க டிப்பரின் உள்பக்கம் முழுக்க டீசல் அடிக்கிறார்கள். மண்வெட்டி, ரோலர் சக்கரம், நம் கை கால் எல்லாவற்றுக்கும் டீசல்தான் சோப்பு. டீசல் தாரைக் கரைக்கிறது. அதனால் சாலை கெடுகிறது. சொட்டும் டீசல் தரையில் இறங்கி அக்கம்பக்கத்துக் கைப்பம்பு நீரில் கலக்கிறது. தோலில் பட்டால் தோல் வெடிக்கிறது. வெடித்த தோல் வழியாகத் தாரின் விஷம் உள்ளே போவது இன்னும் சுலபம். சோப்புக் கரைசல், தாவர எண்ணெயில் செய்த பூச்சு இவையெல்லாம் டீசலுக்குப் பதிலாக வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. கையில் ஒட்டிய தாருக்குச் சமையல் எண்ணெய் போதும். (இந்த இடத்தில் ஒரு வார்த்தை: கொதிக்கும் தார் மேலே பட்டுவிட்டால் பிய்க்காதீர்கள், சதையோடு வரும். குளிர்ந்த தண்ணீரை இருபது நிமிடம் விடாமல் ஊற்றிவிட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றவே கூடாது.)

இதெல்லாம் வெள்ளைக்காரன் தேசத்துக்குச் சரி, இங்கே நடக்குமா என்று கேட்கிறவர்கள் உண்டு. அந்த தேசத்தில் தானாக நடந்ததா? அமெரிக்காவில் பேவர் இயந்திரத்தின் புகையை இயந்திரத்திலேயே உறிஞ்சி, வேலையாளின் மூக்குக்கு எட்டாமல் மேலே அனுப்பும் குழாய் 1997இல் வந்தது. இயந்திரம் செய்கிற கம்பெனிகள், அரசின் தொழில் சுகாதார நிறுவனம், தொழிற்சங்கங்கள் மூவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒத்துக்கொண்டதால் வந்தது. சங்கம் அந்த மேஜையில் இருந்தது என்பதைக் கவனியுங்கள். நம் நாட்டில் மேஜை இருக்கிறது, நாற்காலி இருக்கிறது. நமக்கான நாற்காலிதான் இல்லை.

இனி பழைய சாலையின் கதைக்கு வருவோம். இதில்தான் பணம் புதைந்து கிடக்கிறது.

7 மீட்டர் அகலத்தில் ஒரு கிலோமீட்டர் சாலை. அதன் மேல்தட்டில் 4 சென்டிமீட்டரைச் சுரண்டி எடுத்தால் சுமார் 640 டன் சரக்கு வரும். அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு தார் என்று வைத்தால் 30 டன்னுக்கு மேல் தார். மீதி 610 டன் நல்ல கருங்கல். கல்லை உடைத்தவன் கூலி, லாரி வாடகை, தாரைக் காய்ச்சிய எண்ணெய் எல்லாம் ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். தாரில் கணிசமான பங்கு கப்பலேறி வெளிநாட்டிலிருந்து வருகிறது, அன்னியச் செலாவணி வேறு. இவ்வளவையும் சுரண்டி எடுத்து எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள்? கழிமுகச் சேற்றில், உப்பளத்து ஓரத்தில், ஏரிக்கரையில், நம் சேரிக்குப் பின்னால் கிடக்கும் பள்ளத்தில். மும்பையில் 2023 முதல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சாலையைச் சிமெண்டுக்கு மாற்றும் வேலை நடக்கிறது. தோண்டி எடுத்த பழைய தார்ச்சாலை எல்லாம் எந்தக் கணக்கில் எழுதப்பட்டது? மாநகராட்சி சொல்லட்டும்.

சுரண்டி எடுக்காமல் மேலேயே போட்டால்? அதுவும் நமக்குத் தெரிந்த கதைதான். தட்டின்மேல் தட்டாகத் தார் போட்டுச் சாலை உயர்கிறது, குடிசை தாழ்கிறது. மழை பெய்தால் சாலைத் தண்ணீர் வாசற்படி இறங்கி வீட்டுக்குள் வருகிறது. வாசலில் நாமே சிமெண்டு வைத்துத் தடுப்பு கட்டுகிறோம். இரண்டு வருடத்தில் சாலை அதையும் தாண்டுகிறது. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர், பழைய தட்டைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று உத்தரவிட்டார். நல்ல உத்தரவு. எல்லா மாநிலத்துக்கும் வேண்டிய உத்தரவு. ஆனால் சுரண்டியதை மறுபடி சாலைக்கே கொடு என்று சேர்த்துச் சொன்னால்தான் அது முழு உத்தரவு ஆகும்.

மறுபடி கொடுக்க முடியுமா? முடியும். இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2015இல் இதற்கென்றே தனி நூல் வெளியிட்டிருக்கிறது. அமெரிக்காவில் சாலைக் கலவையில் சராசரியாக ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பழைய சாலைதான். ஜப்பானில் ஏறக்குறையப் பாதி. அந்த நாட்டுக் கல் வேறு, நம் நாட்டுக் கல் வேறா?

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மறுசுழற்சி என்ற பேர் வைத்துவிட்டால் எல்லாம் புனிதமாகிவிடாது. பழைய சரக்கைச் சாதாரண உருளையில் தீயின் முன்னால் கொட்டினால் அதில் ஒட்டியிருக்கும் தார் தீப்பற்றி, நீலப்புகை முன்னைவிட அதிகமாக வரும். அதை உருளையின் நடுவில் தனி வாயில் வைத்து, சூடான புதுக்கல்லோடு சேர்க்க வேண்டும். அதற்கான பிளாண்டு வேறு. காண்டிராக்டர் பழைய பிளாண்டிலேயே இதைச் செய்து "பசுமைச் சாலை" என்று போர்டு மாட்டுவார், பார்த்துக்கொண்டே இருங்கள். சாலையைச் சுரண்டும் இயந்திரத்தின் பின்னால் துடைப்பத்தோடு நடப்பவளுக்கும் சிலிக்காத் தூசிதான். இயந்திரத்தில் தண்ணீர் பீச்சும் குழாய் இருக்கிறது. தண்ணீர் லாரிக்குக் காசு கொடுக்க வேண்டுமே என்று அதை மூடிவிடுகிறார்கள்.

பிளாஸ்டிக் சாலையும் அப்படியே. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் வாசுதேவன் கண்டுபிடித்த முறை அது. குப்பைப் பிளாஸ்டிக்கைப் பொடியாக நறுக்கிச் சூடான கல்லின்மேல் உருக்கிப் பூசிவிட்டுத் தார் சேர்ப்பது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தமிழன் என்பதற்காக அல்ல, ஏழை நாட்டுக்கு ஏற்ற யோசனை என்பதற்காகவே நாம் பெருமைப்படுகிறோம். ஆனால் அதில் பி.வி.சி. சேரக் கூடாது, சூட்டில் அது நச்சு வாயு விடும் என்று வழிகாட்டி நூலே சொல்லுகிறது. பி.வி.சி.யைப் பிரித்து எடுக்கிறவர்கள் யார்? குப்பை பொறுக்கும் நம் பெண்கள், குழந்தைகள். சரியாகப் பிரிக்க நேரமும் வெளிச்சமும் கையுறையும் நியாயமான விலையும் வேண்டும். இவையெல்லாம் இல்லாமல் கிலோவுக்கு இவ்வளவு என்று அள்ளிக்கொண்டு போய் உருளையில் கொட்டினால், வாசுதேவன் கண்டுபிடித்தது வேறு, இவர்கள் செய்வது வேறு.

இனி மேஸ்திரியின் கேள்விக்கு மறுபடி வருவோம். பிளாண்டை மூடிவிடுவார்கள் என்று பயம் காட்டுகிறாரே, அது முழுப் பொய்யா? இல்லை. டில்லியில் நடந்தது.

1996 ஜூலை 8ஆம் தேதி உச்ச நீதிமன்றம், மாசு பரப்பும் 168 தொழிற்சாலைகள் நவம்பர் 30க்குள் டில்லியைவிட்டு வெளியேற வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டின் பிற்பகுதியில் ஹாட் மிக்ஸ் பிளாண்டுகளின் முறை வந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட பிளாண்டுகள். நகரத்துக்கு நல்ல காற்று வேண்டும் என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். தீர்ப்பில் தொழிலாளியை மறக்கவுமில்லை: இடம் மாறினால் வேலை தொடர வேண்டும், இடமாற்றத்துக்கு ஒரு வருடக் கூலி, மூடிவிட்டால் நஷ்டஈடு. மூடினால் ஒரு வருடக் கூலி என்று முதலில் சொன்னதை, அந்த டிசம்பரில் ஆறு வருடக் கூலி என்று உயர்த்தினார்கள். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது!

ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை. ஒரு வருடம் தொடர்ந்து வேலை செய்ததற்கு ஆதாரம் வேண்டும். தார் பிளாண்டில் யாருக்கு இருக்கிறது அந்த ஆதாரம்? பதிவேட்டில் டிரைவர், ஆபரேட்டர், வாட்ச்மேன். மற்றவர்களெல்லாம் மேஸ்திரியின் கைநோட்டில். மழைக்காலத்தில் வேலை நிறுத்தி ஊருக்கு அனுப்பிவிடுவதால் தொடர்ச்சி என்பதும் அறுந்துபோகிறது. நீதிமன்றம் ஆறு வருடக் கூலி என்று எழுதினாலும் அறுபது வருடக் கூலி என்று எழுதினாலும், பேரில்லாதவனுக்கு ஆறும் பூஜ்யம், அறுபதும் பூஜ்யம்.

புகையை எதிர்த்தவர்களால் கூலி போனது என்று மேஸ்திரி சொல்லுவது இங்கேதான் பொய்யாகிறது. கூலி போனது பதிவேட்டில் பேர் எழுதாததால். வடிகட்டி போடச் செலவு என்று புகையை வெளியே விட்டவனும், பி.எஃப். கட்டச் செலவு என்று பேரை வெளியே விட்டவனும் ஒரே ஆள்.

இன்னொரு பக்கத்துக்காரர்களையும் விடக் கூடாது. பிளாண்டுக்குப் பக்கத்தில் முப்பது மாடிக் கட்டடம் எழுந்ததும் சங்கம் வைத்து, மனுப் போட்டு, "இதை இங்கிருந்து எடுங்கள்" என்கிறார்கள். எங்கே எடுப்பது? அதை அவர்கள் சொல்லுவதில்லை. நகரத்தின் கடைசி எல்லைக்கு. அதாவது முன்பு நகரத்தைவிட்டுத் துரத்தப்பட்ட நம்மைப் போன்றவர்களின் வாசலுக்கு. மும்பை மாஹுலைப் பாருங்கள். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் மடியில் கட்டடம் கட்டி, குடிசை இடிபட்டவர்களைக் கொண்டுபோய் அடைத்தார்கள். அங்கே காற்று உடம்புக்குக் கேடு என்று 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே சொல்ல வேண்டியிருந்தது. புகையை இடம் மாற்றுவது மாசுத் தடுப்பு ஆகாது, முகவரி மாற்றம்தான். மாடியில் இருப்பவர்களோடு நமக்குப் பகையில்லை. "அகற்று" என்பதை விட்டு "வடிகட்டு" என்று அவர்கள் சொல்லட்டும், நாமும் பக்கத்தில் நின்று சொல்லுவோம்.

எனவே நாம் கேட்பது பிளாண்டின் கதவை அடைக்க அல்ல. டெண்டரில் எழுது என்கிறோம். மாநகராட்சியும் பொதுப்பணித் துறையும் குறைந்த விலை சொன்னவனுக்கு வேலை கொடுக்கின்றன. ஒழுங்காக வடிகட்டி வைத்து, கூரை போட்டு, ஆட்களைப் பதிவு செய்கிறவன் விலை சற்றுக் கூடும், அவன் தோற்றுப்போகிறான். ஆகவே பை வடிகட்டி, மூடிய ஜல்லிக் குவியல், டீசலுக்குப் பதில் சோப்புக் கரைசல், சுரண்டிய சரக்கில் இத்தனை பங்கு திரும்பச் சேர வேண்டும் என்ற கணக்கு, பதிவேட்டில் எல்லாத் தொழிலாளியின் பேர், ஆண்டுக்கொரு முறை நெஞ்சுப் பரிசோதனை — இவை எல்லோருக்கும் ஒரே நிபந்தனையாக டெண்டரில் இருந்தால் யாரும் தோற்க மாட்டார்கள். புகையை அளந்த சீட்டு இல்லாமல் பில் பாஸாகாது என்று ஒரு வரி சேர்த்தால் போதும், கெட்டுப்போன காற்றாடியெல்லாம் ஒரே இரவில் சுற்ற ஆரம்பிக்கும்!

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1981ஆம் ஆண்டுக் காற்று மாசுத் தடுப்புச் சட்டப்படி மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் பிளாண்டு ஓடக் கூடாது. வெளிமாநிலத் தொழிலாளருக்கென்று 1979இல் வந்த சட்டமும், ஒப்பந்தத் தொழிலாளருக்கென்று 1970இல் வந்த சட்டமும் இருந்தன. அவற்றையெல்லாம் சுருட்டி 2020இல் ஒரே தொகுப்பாக்கி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். புதிய தொகுப்பில் இலவச ஆண்டுப் பரிசோதனை என்று எழுதியிருக்கிறார்கள், அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் பழைய வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் ஐந்து பேர் இருந்தாலே செல்லும். இப்போது பத்துப் பேர் வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர் விஷயத்தில் இருபது ஐம்பதாக உயர்ந்துவிட்டது. தார் போடும் கேங்கில் ஐம்பது பேரை எங்கே பார்ப்பது? ஐம்பது பேர் இருந்தாலும் மூன்று மேஸ்திரி பேரில் பிரித்து எழுதிவிடுவார்கள்.

ஆகையால் இப்போதே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பிளாண்டு வாசலில் இருக்கும் போர்டில் கம்பெனிப் பேரும் ஒப்புதல் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எழுதிக்கொண்டு வாருங்கள். இல்லாவிட்டால் இல்லை என்பதையே எழுதிக்கொண்டு வாருங்கள். 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி, அந்த ஒப்புதலின் நிபந்தனைகள் என்ன, கடைசியாகப் புகையை அளந்தது எப்போது என்று வாரியத்திடம் சங்கத்தின் பேரில் அல்ல, ஒரு தனி ஆள் பேரில் கேட்க வேண்டும், சட்டம் அப்படி. மனு எழுதித் தர ஆட்கள் இருக்கிறார்கள். வேலைக்குப் போகிறவர் பேரில் மனுப் போட்டால் மறுநாளே வேலை போகும் என்பது நமக்குத் தெரியும். அதனால் பிளாண்டில் வேலை செய்யாத குடும்பத்தார் யாராவது கையெழுத்துப் போடட்டும். இரவில் எத்தனை மணிக்குப் புகை கூடுகிறது என்று பெண்கள் ஒரு மாதம் நோட்டில் குறித்து வைத்தால் அது தீர்ப்பாயத்திலும் உதவும்.

ஒவ்வொருவரும் வேலைக்குப் போன நாளைத் தேதி, பிளாண்டு, மேஸ்திரி பேரோடு ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூலி கொடுத்த நாளும் தொகையும் அதிலேயே இருக்கட்டும். மழை முடிந்து சாலை வேலைக்கு டெண்டர் விடும் முன்பே நிபந்தனைகளை எழுதி மாநகராட்சியிடம் கொடுத்தாக வேண்டும். வேலை தொடங்கிய பிறகு கொடுத்தால் குப்பைத் தொட்டிதான். நோட்டுகளையும் ஒப்புதல் எண்களையும் அதற்குள் சங்க அலுவலகத்தில் கொண்டுவந்து காட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஆள் இருப்பார்கள்.